மாதக் கடைசிக் குடிகாரர்

இப்போது எனக்குத் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் போலீஸ் வேலை. நெடுஞ்சாலை ஓரமாக நின்று வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, கருவியை நீட்டி ஊதச் சொல்ல வேண்டும். குடித்திருந்தால் கருவி கத்தும். குடிக்கவில்லையென்றால் சும்மா இருக்கும். அதற்கு எஸ்.ஐ.யைக் கண்டு பயம் இல்லை. அது சும்மா இருக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பரோட்டா மாஸ்டரின் நினைப்பு வந்துவிடுகிறது. அந்த மனிதர் ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே அவரைக் குடிகாரராக்கியவன் நான்.

இங்கே வருவதற்கு முன் ஏழு வருஷம் ஜில்லாவின் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஸ்டேஷனில் இருந்தேன். எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் பக்கம் தங்கிய குடும்பம். வீட்டில் எல்லோரும் கணக்கெழுதுகிறவர்கள், போலீசானவன் நான் ஒருவன்தான். எத்தனை ரவுடியைச் சுட்டாய் என்று விசேஷ வீடுகளில் சித்தப்பா கேட்பார். எங்கள் ஸ்டேஷனில் துப்பாக்கி அலமாரியின் சாவி தொலைந்து ஒரு மாதம் கழித்துத்தான் அது தொலைந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஒரு மனிதர், அடுத்த வீட்டுக்காரன் தன் வீட்டைப் பார்க்கிறான் என்று வாராவாரம் மனு கொடுப்பார். ஒருநாள் எஸ்.ஐ. பொறுக்கமாட்டாமல் என்னை அங்கே அனுப்பினார். அடுத்த வீட்டுக்காரன் பார்க்காமல் இருக்கிறானா என்று நான் பார்க்க வேண்டும். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், மனு கொடுத்தவர் ஜன்னல் வழியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சாயங்காலம் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ரப்பர் ஷீட் திருடியவன் அகப்பட்டால், நாற்றமெடுக்கும் அந்த ஷீட்டையே அவன் தலையில் ஏற்றிச் சந்தைவரை நடக்கவிட்டு, ஜீப்பில் பின்னாலேயே சிரித்துக்கொண்டு போவோம். எங்கள் சிரிப்பு அந்த ரகம். அதில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை.

இந்த வேலையில் பெட்டி கேஸ் என்று ஒன்று உண்டு. சில்லறைக் குற்றங்கள். பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது அதில் முக்கியமானது. மாதக் கடைசியில் மேலதிகாரியின் கூட்டத்தில் ஒவ்வொரு எஸ்.ஐ.யும் எழுந்து நின்று, இத்தனை கேஸ் என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு. அதனால் இருபத்தைந்தாம் தேதியானால் எங்கள் எஸ்.ஐ. கதவருகே வந்து கத்துவார்: "எடோ, மாசம் தீரான் போகுன்னு! பெட்டி கேஸ் எவிடே?"

ஊரில் குடிகாரர்களுக்கா பஞ்சம்? ஆனால் உண்மையான குடிகாரனைப் பிடிப்பதில் பெரிய தொல்லை. பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்சி ஆபீசிலிருந்து போன் வந்துவிடும். மீதிப் பேர் ஓடுவார்கள். ஓடாதவன் ஜீப்பில் வாந்தியெடுப்பான், அதைக் கழுவ வேண்டியவன் நான். குடிக்காத குடிகாரனைப் போல வசதியான ஆள் ஸ்டேஷனுக்குக் கிடையாது என்பது இரண்டாம் வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது.

ஸ்டேஷன் மதிலை ஒட்டி, சாலைப் புறம்போக்கில் ஒரு தகரக் கடை. பரோட்டா, முட்டை ரோஸ்ட், டீ. நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. மனைவியும் மகளும் ஊரில். மாவு பிசைந்து பிசைந்து தோள் இரண்டும் மல்யுத்தக்காரன் தோள்போல இருக்கும், குரல் மட்டும் வெளியே வராது. ஏட்டு உத்தியோகத்துக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை, ஆனாலும் என்னை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரில் அவர் தமிழில் பேசக் கிடைத்த ஒரே காக்கிச்சட்டை நான்.

ஒரு மாதம் கேஸ் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. நான் கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன்: "மாஸ்டரே, ஒரு கையொப்பு போடணும். கோர்ட்டுல வந்து ஆமான்னு தலையாட்டினாப் போதும். பைன் ஸ்டேஷன் பாத்துக்கிடும்."

"என்ன கேஸு ஏட்டையா?"

"குடிச்ச கேஸு."

"நான் குடிக்க மாட்டேன்லா."

"அது எனக்குத் தெரியாதா? நம்ம ஆளுல்லா நீரு. ஒரு உதவி."

அவர் மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தார். அந்த மதில் ஸ்டேஷனுடையது, கடை அதில்தான் சாய்ந்து நின்றது. நான் மிரட்டவே இல்லை. நான் மிரட்டாததுதான் என் சாமர்த்தியம்.

குடித்திருக்கிறார் என்று சான்று வாங்கக் கூட்டிப்போன ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் வாயை முகர்ந்துவிட்டு, சோம்பு வாசனை அடிக்கிறது, இதற்கு எப்படி எழுதிக் கொடுப்பேன் என்று முறைத்தார். புதிதாக வந்தவர், ஒழுங்கு பார்க்கிறவர். ஜீப்பில் யாரிடமோ பிடுங்கிய பிராந்தி அரைப் பாட்டில் கிடந்தது. மாஸ்டரை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, ஒரு மூடி ஊற்றி, வாயைக் கொப்பளித்தால் போதும் என்றேன். அவர் கை கூப்பினார். அவருடைய அப்பா குடித்தே செத்தவராம். பெண் பார்க்கப் போன வீட்டில், தொட மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் பெண் கொடுத்தார்களாம். "அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் ஏட்டையா."

நான் அவர் மூக்கைப் பிடித்தேன். ஜீப் டிரைவர் தாடையைப் பிடித்தார். ஒரு மூடி உள்ளே போனதும் அவர் திமிறிக்கொண்டு முன்னால் குனிந்து, துப்பினார், துப்பினார், காலையில் குடித்த டீவரைக்கும் வெளியே வந்தது. என் பூட்சில் கொஞ்சம் தெறித்தது. குழந்தைக்கு விளக்கெண்ணெய் ஊற்றின மாதிரி முகத்தை வைத்திருந்தார். நாங்கள் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். டாக்டர் 'மது வாசனை உண்டு, நிலை தடுமாற்றம் உண்டு' என்று எழுதிக் கொடுத்தார். தடுமாற்றம் உண்மையாகவே இருந்தது.

வழி பழகிவிட்டது. அதற்குப் பிறகு டாக்டரும் தகராறு செய்யவில்லை, வாயை முகராமலே எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மாதா மாதம், மாஸ்டர் குடிகாரரானார். மலையாளம் அவருக்குச் சட்டென்று வராது, அதனால் கோர்ட்டில் பக்கத்தில் நின்று நான்தான் எடுத்துச் சொல்வேன். மாஜிஸ்திரேட் அம்மா ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு, வீட்டில் மனைவி மக்கள் இல்லையா, ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். மாஸ்டர் என்னையே பார்த்தார். "வீட்டு நினைப்பு வந்தால் குடித்துவிடுவாராம்" என்று நானே மலையாளத்தில் சொன்னேன். இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடு என்றார் அந்த அம்மா. மாஸ்டர் மனதாரக் கொடுத்தார். அடுத்த மாதம் மறுபடி போய் நின்றபோது, கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று அவர் கேட்க, இந்த மனிதர் நிஜமாகவே வெட்கப்பட்டுத் தலை குனிந்தார். அந்தக் கதையை நான் ஸ்டேஷனில் நடித்துக் காட்டினேன். எஸ்.ஐ.க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். கடை இருந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மாஸ்டர் அழவில்லை. வளைகுடாவில் ஒரு தமிழ் ஓட்டலுக்குப் பரோட்டா போட ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்ட் ஒருவன் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் கையில் இருந்தது. கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் ஒன்று மட்டும் வேண்டும். "அது நம்ம ஸ்டேஷன்தான ஏட்டையா" என்று சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு பரோட்டா அதிகமாக வைத்தார். மகளை நர்சிங் படிக்கவைக்க அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை என்றார்.

விண்ணப்பம் ஸ்டேஷனுக்கு வந்தது. பழைய காலமென்றால் பெட்டி கேஸ் ஏதோ ஒரு தடிப் புத்தகத்தில் கிடந்து கரையான் அரித்திருக்கும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். ஸ்டேஷன் ரைட்டர் பெயரைத் தட்டினார், வரிசையாக வந்து விழுந்தது. "பதினாலு உண்டு" என்றார். பதினான்கிலும் பிடித்தவன் என்ற இடத்தில் என் பெயர்.

எஸ்.ஐ.யிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "அப்போ எழுதடோ, கேஸ் எல்லாம் கள்ளம், ஞானாணு உண்டாக்கியதுன்னு. தான் ஒப்பிடு" என்றார். கேஸெல்லாம் பொய், நான்தான் உண்டாக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார். எனக்கும் வீடு உண்டு, லோன் உண்டு, பெண் குழந்தை உண்டு. பதினான்கு கேஸையும் தேதி வாரியாக எழுதி, 'வழக்கமாகக் குடித்துத் தொந்தரவு செய்பவர்' என்று அடியில் சேர்த்து அனுப்பினேன். அந்தக் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை, பழக்க தோஷத்தில் வந்தது.

விசாரணை அவர் சொந்த ஊர் ஸ்டேஷனுக்கும் போயிற்று. அங்கே ஒரு போலீஸ்காரர் வீடு தேடிப் போய், உன் புருஷன் மேல் கேரளாவில் பதினாலு குடி கேஸ் இருக்கிறதே என்று அந்தம்மாவிடம் கேட்டிருக்கிறார். ஓட்டல் வேலை போயிற்று. அது போன துக்கத்தைவிட, மனைவி போனை எடுக்காத துக்கம்தான் மாஸ்டருக்குப் பெரிதாக இருந்தது. நான்கு நாள் கழித்து அவள் எடுத்தபோது, நான் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடையின் பின்பக்கத் தகரத்தை ஏற்கெனவே பிரித்திருந்தார்கள், வெயில் உள்ளே விழுந்தது.

"இங்க ஏட்டையா இருக்காவ. எல்லாக் கேஸுக்கும் அவுகதான் கூட இருந்தாவ. அவுககிட்டயே கேளு" என்று சொல்லி என் கையில் போனைக் கொடுத்தார். "சொல்லுங்க ஏட்டையா. நீங்க சொன்னா நம்புவா."

நான் எழுந்து சாலை ஓரத்துக்கு நகர்ந்தேன். அந்தம்மா அழவில்லை, குரல் நிதானமாக இருந்தது. "ஐயா, பொம்பளப் புள்ளய வச்சிருக்கேன். உண்மையச் சொல்லுங்க. இவுக குடிக்காவளா? பொய்க் கேஸுன்னா எங்க அண்ணன் வக்கீல் வச்சு எழுதிப் போடலாங்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பின்னால் ஆண் குரல் ஒன்று, ரெக்கார்டு போட்டாச்சா என்று யாரையோ கேட்டது.

பத்தடி தள்ளி மாஸ்டர் கல்லடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சொல்லுங்க சொல்லுங்க என்பதுபோல. முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்படி நம்பச் சொல்லி இந்த ஆளிடம் யார் கேட்டார்கள்?

"கேஸெல்லாம் உள்ளதுதான் தாயீ" என்றேன். "இப்பக் கொஞ்சம் கொறச்சிருக்காரு."

"சரிங்கய்யா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "சொல்லிட்டீங்களா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். அதில் பொய் இல்லை. அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார், மாவு ஒட்டியது. முட்டை உடைத்து ஊற்றி எனக்கென்று ஒரு பரோட்டா போட்டார். நான் உட்கார்ந்து தின்றேன். நன்றாகவே இருந்தது, மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் குற்றம் செய்தவன்மாதிரி ஆகிவிடும் என்று போனேன். கல்லை இறக்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றி எப்போதும்போல என் முன்னால் வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கத்தினால் அடக்கத் தெரியும். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெகுநேரம் கையிலிருந்த காய்ந்த மாவைச் சுரண்டினார்.

"பொய்க் கேஸுன்னு நீங்க சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும் ஏட்டையா. உத்தியோகம்லா" என்றார். "ஆனா அன்னைக்கு நீங்க ஊத்தினத நான் துப்பிட்டேன்லா. அத மட்டுமாவது அவகிட்டச் சொல்லியிருக்கலாம்."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அன்றைக்குத் தேதி இருபத்தாறு, இரண்டு ஆள் குறைந்தது.