கிரேனக்காவின் தங்கை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் அவள் கிரேனக்கா. கட்டைக் குரல், ஒட்ட வெட்டிய தலை, யாராவது வம்புக்கு வந்தால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிற சுபாவம். இவளைப் பொம்பளை என்று எவன் சொன்னான் என்று கேன்டீனில் கிண்டலடிக்காத ஆள் பாக்கியில்லை. ரெண்டு பிள்ளை பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவளும் ஒரு முறைப்போடு விட்டுவிடுவாள்.

தங்கை அப்படியே நேரெதிர். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வது தொழில். இடுப்பு வரை கூந்தல், அதிராத பேச்சு. பெண் என்றால் உன் தங்கை மாதிரி இருக்கவேண்டும் என்று அக்காவிடமே சொல்வார்கள். இருபத்தாறு வயதாகியும் அவளுக்கு ஒருமுறைகூட மாதவிலக்கு வந்ததில்லை என்பது வீட்டுக்குள் மட்டும் தெரியும். சிலருக்கு லேட்டாகத்தான் வரும் என்று சொல்லிச் சொல்லியே அம்மா கண்ணை மூடினாள். இப்போது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தங்கை ஆசைப்பட்டவனேதான் மாப்பிள்ளை. இனியும் மூடி மறைக்க வேண்டாம் என்று கிரேனக்காதான் அவளை இழுத்துக்கொண்டு போய் எல்லாப் பரிசோதனையும் செய்ய வைத்தாள்.

முடிவு சொன்னவர் அவர்கள் முன்பின் பார்த்திராத டாக்டர். ரிப்போர்ட்டைப் படித்தார், இருவரையும் ஒரு பார்வை பார்த்தார், நாற்காலியைக் கிரேனக்கா பக்கம் திருப்பிக்கொண்டார். கர்ப்பப்பை இல்லை, குரோமோசோம் ஆண்களுக்கு இருப்பது மாதிரி இருக்கிறது, சிலருக்குப் பிறவியிலேயே இப்படி அமைந்துவிடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். பெண்ணாக வளர்ந்தீர்கள், பெண்ணாகவே வாழப்போகிறீர்கள், இந்தக் காகிதத்தால் அது மாறாது என்றார்.

கிரேனக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், நான் ரெண்டு பெத்தவ. நீங்க ஆள் மாத்தி..."

பாதியில் தங்கை பக்கம் திரும்பினாள். அந்த அறையில் இன்னொருத்தி யார் இருக்கிறாள்? டாக்டர் வெளிறிப்போய் மன்னிப்புக் கேட்டார், முதலிலிருந்து எல்லாவற்றையும் தங்கையிடம் திரும்பச் சொன்னார். கிரேனக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. தனக்கு என்றால்கூடத் தாங்கியிருப்பாள். ஊரே சொல்லிச் சொல்லி மரத்துப்போனதுதானே. இவளுக்கா? தான் குளிப்பாட்டித் தலைபின்னி வளர்த்த இந்தப் பிள்ளைக்கா?

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தங்கை அழவில்லை. மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிடுவதாகவும், அவன் வேண்டாம் என்றாலும் மறைக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். அவள் பேசப் பேச, கிரேனக்காவின் கண் தன்னாலே அவள் தொண்டையை, மோவாயை, மணிக்கட்டைத் துழாவிக்கொண்டு போனது. சீ, இதென்ன பார்வை என்று தன்னையே வைதுகொண்டாள். வைதும் கண் திரும்பவில்லை.

"கட்டிக்கப்போறவர் என்ன வேணா சொல்லட்டும்," என்றாள் தங்கை. "நீ சொல்லுக்கா. நான் உன் தங்கச்சிதானே?"

"ஆமாடி. இதென்ன கேள்வி?"

ஆனால் அதைச் சொல்லக் கிரேனக்காவுக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடியைத் தங்கை கவனித்துவிட்டாள்.