பாசி காயக் கூடாது

மீன்தொட்டியில் தண்ணீர் நிரப்புவதற்கு முன் பாசியைக் கல்லில் ஒட்டி, தினமும் தண்ணீர் தெளித்து, ஆறு வாரம் மூடி வைத்து வளர்க்க வேண்டும். ஒருநாள் காய்ந்தாலும் எல்லாம் போச்சு. வேலையாகக் கோவை போனபோது, மயிலாப்பூர் வீட்டில் தனியாக இருந்த அண்ணனிடம் அதை ஒப்படைத்தேன்.

நான்காம் நாள் போனில், "காலைலேர்ந்து நெஞ்சு ஒரு மாதிரி கீதுடா" என்றான்.

"கேஸா இருக்கும். தண்ணி தெளிச்சியா?"

"தெளிச்சிட்டுப் படுத்துக்கிறேன்."

மறுநாள் அவன் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள்.

நான் வந்தபோது அண்ணன் ஐஸ்பெட்டிக்குள் கிடந்தான். தொட்டிக்குள் பாசி பச்சைப்பசேலென்று இருந்தது.

ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. தண்ணீர் நிரப்ப மனம் வரவில்லை. இன்றும் தெளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.