அத்தை ஏறும் உயரம்

எங்கள் மாமாவின் கார் நான் சொன்னால் உட்காரும் என்று தோட்டத்துப் பையன்கள் எல்லோரும் ஒரு காலத்தில் நம்பினார்கள். நம்ப வைத்தவன் நான்தான். படிப்பில் வராத கெட்டிக்காரத்தனம் இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் தாராளமாக வரும்.

மாமா, அப்பாவுடைய தங்கையின் கணவர். செனாவாங்கில், தவுக்கே என்று எல்லோரும் அழைத்த ஒரு சீன முதலாளியிடம் டிரைவராக இருந்தார். தவுக்கே தொழிலை மூடியபோது, பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாகத் தன் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் போனார். லோரிக்குத் தம்பி போல உயரமான, கறுப்பு நிற வெளிநாட்டுக் கார். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை. லிங்கி பக்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் முன்னால் அது வந்து நின்றபோது, வீடுதான் காருக்குப் போட்ட கொட்டகை போலத் தெரிந்தது.

தவுக்கேயின் தாராளத்துக்குக் காரணம் சீக்கிரமே விளங்கியது. ரேடியேட்டர் ஓயாமல் தண்ணீர் குடித்தது. என்ஜின் போகிற வழியெல்லாம் எண்ணெய் சிந்தியது. இறங்கிய ஜன்னல் ஏறாது. எந்தச் சாமானை மாற்றினாலும் ஒரு மாதச் சம்பளம் போனது.

“காடி வாங்குனியா, ரெண்டாங் குடும்பம் வச்சிருக்கியா மச்சான்?” என்று அப்பா கேட்பார். மாமா சிரிப்பதோடு சரி.

ஆனால் அந்தக் கார் இல்லாமல் முடியாது. அத்தைக்கு இனிப்புநீர் நோய் முற்றிச் சிறுநீரகம் கெட்டு, ஒரு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். காரோ அவ்வளவு உயரம். மாமா அத்தையை இரு கைகளிலும் அள்ளித் தூக்கித்தான் உள்ளே வைப்பார். லயமே வாசலில் நின்று பார்க்கும். செம்பனைக் காட்டில் உர மூட்டை சுமந்த அத்தைக்கு அந்தப் பார்வை ஆகவில்லை. ஒருநாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டார்.

“நான் என்ன மூட்டையா, தூக்கிப் போட்டு ஏத்த? நான் வரல. செத்தா செத்துட்டுப் போறேன், விடுங்க லா.”

மறு தடவையும் போகவில்லை. முகம் வீங்கிவிட்டது. மாமா கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். பயனில்லை.

கார் உட்காரத் தொடங்கியது அப்போதுதான். அதற்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். அவற்றில் ஓட்டை விழுந்துவிட்டது. என்ஜினை நிறுத்திச் சற்று நேரமானால் கார் மெல்ல மெல்ல இறங்கித் தரையோடு படிந்துவிடும். மறுபடி முடுக்கினால் கம்பிரசர் முனகிக்கொண்டே காற்றடித்து அதைத் தூக்கும். இறக்குவதற்கென்று இருந்த பொத்தான் தவுக்கே காலத்திலேயே செத்திருந்தது.

அன்று காலை அத்தை ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, படிந்து கிடந்த காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்க் கதவைத் திறந்து, இருக்கையில் தானே உட்கார்ந்து, காலைத் தானே எடுத்து உள்ளே வைத்து, கதவையும் தானே சாத்தினார். மாமா முடுக்கினார். கார் அத்தையைச் சுமந்துகொண்டு எழுந்தது. அந்த உயரத்திலிருந்து அத்தை என்னைப் பார்த்து, “என்னடா, வாயில ஈ போவுது” என்றார்.

சிரம்பானிலும் அப்படித்தான். அத்தை வெளியே வருவதற்குள் கார் உட்கார்ந்து காத்திருக்கும்.

என் வியாபாரம் சாயங்காலத்தில். கார் வந்து நின்றதும் முன்னால் போய்க் கையை நீட்டி, “உக்காரு!” என்பேன். ஓர் ஆட்டம் கோலி விளையாடி முடிப்பதற்குள் அது உட்கார்ந்துவிடும். பார்க்க ஆளுக்கு ஒரு கோலி கட்டணம்.

ஓயாமல் காற்றடித்ததில் கம்பிரசர் கருகியது. மாமா பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கி மாட்டினார். அதுவும் கருகியது. மறுபடி வாங்கினார். ஓட்டையை மட்டும் தொடவில்லை. விடியுமுன் வேலைக்குப் போய்விடும் அப்பா, அத்தை காரில் ஏறுவதைப் பார்த்ததே இல்லை. மாமா பணத்தைக் கரைப்பதாக அவருக்குக் கோபம். மாமா தன் புது வேலைக்குப் போயிருந்த ஒருநாள், என்னையும் ஏற்றிக்கொண்டு காரைச் செனாவாங் வர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனார்.

“ஓட்டைய விட்டுட்டு கம்பிரசர மட்டும் மாத்துனா அது சாவத்தாண்ணே செய்யும்” என்றார் மெக்கானிக். “பையெல்லாம் கழட்டிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுருங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் எறங்காது.”

“போடு தம்பி, காசு நான் தர்றேன்” என்றார் அப்பா.

ஒரு சக்கரம் கழன்றிருந்தபோது, விஷயம் கேள்விப்பட்டு மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“யாரக் கேட்டு கை வச்சீங்க மச்சான்?”

“என் தங்கச்சி போற காடி. நான் செலவு பண்றேன். ஒனக்கு எங்க வலிக்குது?”

“வேணாம். கழட்டுனத மாட்டச் சொல்லுங்க.”

“ஏன்னு சொல்லு.”

மாமா மெக்கானிக்கைப் பார்த்தார். காத்திருந்த ஆட்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இப்படியே இருக்கட்டும் மச்சான்.”

“தவுக்கே காடியோட தவுக்கே திமிரும் வந்துருச்சி லா” என்று சொல்லிவிட்டு அப்பா பஸ் ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு மாமா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

மாமாவோடு திரும்பும்போது நான் சும்மா வரவில்லை. “ஓட்டைன்னா அவ்ளோ ஆசையா மாமா?”

மாமா சிரித்தார். சிரித்து முடித்ததும், “இங்க நடந்தத அத்தைகிட்ட சொல்லாதடா” என்றார்.

அடுத்த தீபாவளிக்கு முன் அத்தை இறந்துபோனார். அப்பா வந்து எல்லாச் சடங்குக்கும் நின்றார். மாமாவோடு மட்டும் பேசவில்லை. கருமாதி முடிந்த மறுநாள், மாமா தானே செனாவாங் போய்க் காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பிரிங் போட்டு வந்தார்.

சாயங்காலம் பையன்கள் கூடினார்கள். நான் கையை நீட்டினேன். “உக்காரு!” ஓர் ஆட்டம் முடிந்தது, இன்னோர் ஆட்டமும் முடிந்தது. கார் அப்படியே நின்றது. பையன்கள் கோலிகளைத் திருப்பிக் கேட்டார்கள்.

“மாமா, காடி சொன்ன பேச்சு கேக்க மாட்டுது” என்று முறையிட்டேன்.

வாசலில் இருந்த மாமா காரைப் பார்க்காமலே சொன்னார். “இனிமே அது யாருக்குடா உக்காரணும்?”

எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அப்பாவுக்கு அது கேட்டது. மெதுவாக நடந்து வந்து, அத்தை ஏறும் பக்கத்துக் கதவைத் திறந்தார். இருக்கை அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அப்பாவும் அதை உட்காரவைக்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று, என் பலமெல்லாம் கொடுத்து நானும் அழுத்தினேன்.