கூடப் பிறந்தவள் இல்லை என்றேன்

என் தங்கையின் கண் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதும் துணிச்சலால் அல்ல. உங்களுக்கு அவளைத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏழு வருடங்களுக்கு முன்பு, படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று திருவண்ணாமலையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, குளுக்கோமா தொடங்கிவிட்டது என்றார் மருத்துவர். வலி இல்லை, சிவப்பு இல்லை... எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"இது ஓரத்துலருந்து பார்வையைத் தின்னுட்டு வருங்க. நடுப்பார்வை கடைசியிலதான் போகும். போனது திரும்பாது, சீக்கிரம் கண்டுபிடிச்சா மிச்சத்தைக் காப்பாத்தலாம். கூடப் பொறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. அவங்க பவர் கண்ணாடி போட்டவங்கன்னா கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லைங்க" என்றேன்.

வீட்டில் செல்வி இருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே தடித்த கண்ணாடி. வயது முப்பத்தொன்று. மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. அந்த வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணனுக்குக் கண் வியாதி, தங்கைக்கும் வரலாம் என்ற பேச்சு வெளியே போனால் இதுவும் போய்விடுமே! மருத்துவமனையில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு கூட்டிவரலாம் என்று நினைத்தேன்.

கல்யாணம் முடிந்தது. பிறகு? "தெரிஞ்சே மறைச்சுத்தானே குடுத்தீங்க" என்று கேட்பார்களே என்று பயம். அப்புறம் அவள் உண்டானாள். அப்புறம் குழந்தை... அப்புறம்... காரணத்துக்கா பஞ்சம்! என் கண்ணுக்கு மட்டும் ஒருநாள் தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். என் பார்வை பத்திரமாக இருக்கிறது. கேட்கவே அருவருப்பாக இல்லையா உங்களுக்கு?

அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொடுத்தாள். போகும்போதெல்லாம் அவள் ஊசியில் நூல் கோப்பதைக் கவனிப்பேன். ஒரே தடவையில் கோத்துவிடுவாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்துவிடுவேன். நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்று காதால் கேட்டவன் நான்! தயவுசெய்து இதை அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள்.

போன பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு கிரிவலம் வந்தாள். இடப்பக்கம் வருகிறவர்கள் மேலெல்லாம் இடித்துக்கொண்டே நடந்தாள். செங்கம் சாலையில் மகளைக் காணோம் என்று பதறிக் கூப்பிட்டாள். "இங்கதாம்மா இருக்கேன்" என்று குழந்தை பக்கத்திலிருந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தது.

மறுநாளே கூட்டிப்போனேன்... வேறொரு மருத்துவமனைக்கு. இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது, வலது கண்ணில் பாதிதான் மிச்சம். "சில வருஷம் முன்னாடியே வந்திருந்தா..." என்று அந்த மருத்துவர் அம்மா ஆரம்பித்தபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனோம். "நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா மிச்சமும் போயிருக்கும் மச்சான்" என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வி அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?" என்றார் குருக்கள்.

"எங்க அண்ணன் பேருக்குங்க" என்று சொல்லி, என் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

நான் கைகூப்பி நின்றேன். குருக்கள் கொடுத்த விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.