ஹீலியத்துக்கு எந்தக் குடி

எங்கள் பெண்கள் பள்ளியில் இரசாயனம் இல்லை. படிப்பதென்றால் வாவிக்கு அக்கரையிலுள்ள ஆண்கள் கல்லூரிக்குப் போகவேண்டும். அங்கிருந்த ஆசிரியர் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் இருபது மூலகங்களையும் இலத்திரன் கணக்குப்படி சரியாக அடுக்கினால் வகுப்பில் இடம். இல்லையென்றால் வந்த தோணியிலேயே திரும்பலாம்.

எங்கள் வீட்டில் முதன்முதல் எழுத்துக் கூட்டியவள் நான். பயப்படவில்லை. வகுப்புப் பையன்கள் பார்த்திருக்க, ஆசிரியர் தந்த இருபது அட்டைகளையும் இலத்திரன் கணக்குத் தாளையும் வாங்கினேன்.

அணுவின் கருவைச் சுற்றி இலத்திரன்கள் வளையம் வளையமாக நிற்குமாம். வெளி வளையத்தில் எத்தனையோ அதைப் பொறுத்தது மூலகத்தின் குணம். எனக்கு உடனே விளங்கிற்று. எங்கள் ஊர் ஆரையம்பதியில் யாரைக் கண்டாலும், "தாய்வழியில என்ன குடி?" என்றுதான் கேட்போம். தாயின் குடிதான் பிள்ளைக்கும். லிதியம், சோடியம், பொற்றாசியம் மூன்றுக்கும் வெளியே ஒன்று, ஒரே குடி. அட்டைகளை விறுவிறென்று வைத்தேன். பெரிலியம், மகனீசியம், கல்சியம் மூன்றுக்கும் இரண்டு. ஹீலியத்துக்கும் இரண்டு. அதையும் அவற்றின் தலைமாட்டில் வைத்தேன்.

ஆசிரியர் ஹீலியத்தைத் தொட்டார். "இது இங்கயா?"

"இரண்டு எண்டா இரண்டுதானே, சேர்."

"மகனீசியம் பளீரெண்டு எரியும். ஹீலியம் எரியுமா?"

முன்வரிசை வாங்கிலிருந்த நெட்டையன், "தோணி போகப்போகுது புள்ள, வெளிக்கிடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. கணக்குத் தாளை மறுபடி பார்த்தேன். இருபதில் ஒன்றுக்குக்கூட முதல் வளையத்தில் இரண்டுக்கு மேல் இல்லை. மகனீசியத்தின் இரண்டோ எட்டுப் பேருக்கு இடமுள்ள வளையத்தில் நின்றன.

எங்கள் ஊரில் கலியாணத்தோடு வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து ஏறுவார். அதுதான் நினைவுக்கு வந்தது.

"பிழை விட்டிற்றன், சேர். ஆளை மட்டும் எண்ணினன், வீட்டைப் பாக்கல்ல. ஹீலியத்தின்ட வீட்டில இரண்டு பேருக்குத்தான் இடம். புதுச்சோடி ஏறின வீடு மாதிரி நிறைஞ்சு போச்சு. இனி ஒருத்தரையும் எடுக்காது, விடாது."

அட்டையை எடுத்து, அதேபோல வெளி வளையம் நிறைந்த நியோனுக்கு மேலே வைத்தேன். இப்போது சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. ஆசிரியரும் சிரித்தார்.

"திங்கட்கிழமை வா."

திங்கட்கிழமை எனக்கென்று தனிக் கதிரை எதுவும் போட்டிருக்கவில்லை. வாசலில் தயங்கி நின்றேன். நெட்டையன் தன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பின்வரிசை வாங்குக்குப் போக எழுந்தான்.

"இரு புள்ள. இந்த வீடு இன்னும் நிறையல்ல."

இருந்தேன்.