மூன்றாவது சரணம் யாருக்கு

"…அதுவுமில்லாம மூணு வருஷமா நீயேதான பாடுற. இந்த வருஷம் மூணாவது சரணத்தை அவ பாடட்டும். நீ பாட்டை எடுத்துக் குடு, போதும்" என்றார் பெரியம்மா, குடிலில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டே.

'அவ' என்றது என் சின்னம்மாவின் மகளை. என்னைவிட ஒரு வயது இளையவள். கோலார் தங்கவயலிலிருந்து அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். எனக்குப் பத்து வயது.

காலைப் பூசை முடிந்ததும் சொந்தபந்தம் முழுக்கக் காக்ஸ் டவுனில் பெரியம்மா வீட்டில் கூடிவிடும். நாங்கள் நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்து வருவோம். சாப்பிட உட்காருமுன் குடிலைச் சுற்றி நின்று ஒரு தாலாட்டுப் பாட வேண்டும். அதற்குப் புத்தகத்தில் என்ன தலைப்போ தெரியாது, எங்களுக்கு அது கொட்டில் பாட்டு. இரண்டு சரணம் எல்லோரும் சேர்ந்து. மூன்றாவதை ஒரு பிள்ளை மட்டும் தனியாகப் பாடிக்கொண்டே பாலன் சுரூபத்தை வைக்கோலில் கிடத்தும். அதுவரை பாலன் பெரியம்மாவின் பீரோவில் பஞ்சுக்குள் தூங்குவார். பள்ளிக்கூடத்தில் என்னை எதற்கும் யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. வருஷத்தில் அந்த ஒரு சரணம் பாடும் நேரம்தான் ஒரு வீடே என்னைப் பார்க்கும்.

இப்போது அதுவும் போயிற்று.

"எங்க கோயில்ல இவ பாடினா சாமியாரே புஸ்தகத்தை மூடிட்டுக் கேப்பாரு" என்றார் சின்னம்மா. பெரியப்பா கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "குரலா இது, நெய் விட்ட மைசூர்பாகு" என்றார். இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். என் அம்மா அவள் தலையைத் தடவி, "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, அது கத்தும். இதுதான் பாடுது" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கு ரெட்டைச் சடையில் புது ரிப்பன் வேறு. என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, நீங்க எடுத்துக் குடுத்தா எனக்குப் பயமே இல்ல" என்றாள். நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள்.

அந்த வீட்டில் ஆர்மோனியம் கிடையாது. எடுத்துக் கொடுப்பவர் எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறாரோ, கடைசி வரை எல்லோருக்கும் அதுதான். கொட்டில் பாட்டு மூன்றாவது சரணத்தில் விறுவிறுவென்று மேலே ஏறும். ஆகையால் முதல் அடியை முணுமுணுப்பது போலத் தாழ்த்தி எடுக்க வேண்டும். "கிணத்துக்குள்ள இருந்து எடுக்கணும்" என்பார் பெரியப்பா. மூன்று வருஷம் பாடிய எனக்கு இது தெரியாதா?

அன்றைக்கு நான் மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன்.

முதல் சரணத்திலேயே மாமாக்களின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவதில் பெரியப்பா பாட்டை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்தார். மூன்றாவது வந்தது. பாலனை இரண்டு கையிலும் ஏந்தி அவள் ஆரம்பித்தாள். ஏறுகிற இடத்தில் குரல் கிரீச்சென்று உடைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் உடைந்தது.

"பாலனைக் கொட்டில்ல படுக்க வைக்கச் சொன்னா, கூரை மேல ஏத்துறீங்களே" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் கண்ணில் நீர் முட்டியது. "நல்லாத்தான பாடுவா, இன்னிக்கு என்ன ஆச்சு" என்று சின்னம்மா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இனி வேறு யார் இருக்கிறார்கள்? கேட்காமலேயே இரண்டு கையையும் பாலனுக்காக நீட்டினேன்.

பெரியம்மா என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். அவள் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, பாலனை ஏந்திய அந்தக் கைகளுக்குக் கீழே தன் கையையும் கொடுத்துக்கொண்டு, பாட்டை முதல் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து, தானே எடுத்தார்.