வேப்பமரத்தடியில் நின்றுபோன சேதி

போன சித்திரையில், அவிநாசிக்குப் பக்கத்தில் என் மகள்வழிப் பேத்தி படிக்கும் காலேஜில் நடந்தது இது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

கம்ப்யூட்டரும் போனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான் அவள் படிப்பு. டவர் இல்லாமலே ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குச் சேதி தாவித் தாவிப் போகிற மாதிரி ஒன்று செய்திருந்தாள். வாத்தியார் முன்னால் அன்று அது ஓடினால்தான் பாஸ். அப்படியே கோயிலுக்கும் போய் வரலாமே என்று நானும் கூடப் போயிருந்தேன். பார்த்தால், வரிசையில் நடுவே போன் பிடித்து நிற்க வேண்டிய பெண் ஒருத்திக்குக் காய்ச்சல்.

"ஒரு ஆள் கொறையுதுங்க அம்மாயி. இதை மடியில வெச்சுட்டு இங்கியே உக்காந்திருங்க. எந்திரிச்சுப் போயிறாதீங்க" என்று, இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள்.

எனக்குப் பிடிபடாத சந்தோஷம். பனியன் கம்பெனியில் துணியைப் போட்டு நூல் பிசிறு வெட்டிய மடியில் காலேஜ் பாடம்! வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பூவும் ஒரு எழுத்து, என்னைத் தாண்டித்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண் சொருகியது. அப்போது பார்த்துத் தூறல். போன் நனையுமே என்று சோறு கொண்டுபோன எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் வைத்து, அழுத்தி மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் பேத்தி ஓடி வந்தாள். பின்னாலேயே வாத்தியார்.

"போன் எங்கீங்க அம்மாயி? அந்தப் பக்கம் சேதி போகவே இல்லீங்க!"

"போசிக்குள்ள பத்திரமா இருக்குது கண்ணு."

"ஐயோ, எவர்சில்வருக்குள்ள போட்டு மூடுனா சிக்னல் எப்படிங்க வரும்?" அவள் கண் கலங்கிவிட்டது.

மூடியைத் திறந்தேன். எதிர்க் கட்டடத்திலிருந்து அவள் சிநேகிதி கத்தினாள்: "வந்துருச்சுடி!"

வரிசையில் எனக்கு முந்தின போன், வழி திறக்கும்வரை சேதியைத் தொலைக்காமல் வைத்திருந்ததாம். வாத்தியார் சிரித்துவிட்டார். "நடுவுல ஒண்ணு நின்னு போனா என்ன ஆகும்னு கேக்கலாம்னு இருந்தனுங்க. நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க. பாப்பா பாஸுங்கம்மா."

அப்படி என்னதான் சேதி என்று கேட்டேன். இறங்கி வந்த சிநேகிதி, பேத்தி அனுப்பியதைப் படித்துக் காட்டினாள்: "அம்மாயிக்கு ஒரு டீ வாங்கிக் குடுடி."

என் மடி வழியாகவே போயிருக்கிறது, எனக்குத் தெரியாமல். இப்போதெல்லாம் வெறும் காற்றைப் பார்த்தாலும், யாரோ யாருக்காகவோ எதையோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அது வழி பார்த்துக் காத்திருக்கிறது என்றே தோன்றுகிறது.